ஒரு பிடிக் கடலையும் ஒரு துளி நஞ்சும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

“புற்றுநோய்” என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனத்தில் தோன்றுபவை யாவை? தொழிற்சாலைப் புகை, பூச்சிமருந்து, மிட்டாய்க்குப் போடும் சாயம், வாயில் நுழையாத பெயர்களையுடைய இரசாயனங்கள், இவைதாமே? எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் ஒருநாள் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டபோது நாங்களும் இவற்றைத்தான் சொன்னோம். கரும்பலகை நிரம்பிவிட்டது. எல்லாவற்றையும் பொறுமையாக எழுதி முடித்த சிஸ்டர், மேசை இழுப்பறையிலிருந்து பூசணம் பூத்த நிலக்கடலைப் பருப்பு ஒன்றை எடுத்துக் காட்டி, “இதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லையே!” என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். திண்டிவனம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிலக்கடலை நொறுக்குத் தீனியும் ஆகும், துவையலும் ஆகும், எண்ணெயும் ஆகும், கலியாணச் செலவுக்குப் பணமும் ஆகும். அது எப்படி நஞ்சாகும்? (எங்கள் ஊரில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கட்டுரைக்காக நிலக்கடலை என்று எழுதுகிறேன்.) அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதன்பின் நூலகத்திலும் சிஸ்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நஞ்சுகளைப் பற்றி ஆராயும் துறைக்கு நஞ்சியல் என்று பெயர். “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள் அல்லவா? ஏறத்தாழ இதே கருத்தை, சுவிட்சர்லாந்தில் பிறந்த பாராசெல்சஸ் என்ற மருத்துவர் பதினாறாம் நூற்றாண்டில் சொன்னார். ஒரு பொருள் நஞ்சா இல்லையா என்று கேட்பதோடு நஞ்சியலார் நின்றுவிடுவதில்லை. எவ்வளவு, எத்தனை நாள், யாருடைய உடம்பில் என்றும் கேட்கிறார்கள்.

புற்றுநோய்க்கும் வெளிப் பொருளுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் என்பவர். புகைக்கூண்டு துடைத்த ஏழைச் சிறுவர்களுக்குப் பின்னாளில் ஒருவகைப் புற்று வருவதை அவர் 1775-இல் எழுதினார். காரணம் கரி. பிறகு 1915-இல் யாமகிவா, இச்சிகாவா என்னும் ஜப்பானியர் இருவர் முயல்களின் காதில் மாதக்கணக்கில் தார் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். முயலுக்காக வருந்தாமல் இதைப் படிக்க முடியவில்லை. ஆயினும் “இது சந்தேகம்” என்றிருந்ததை “இது உண்மை” என்று ஆக்கியது அந்தச் சோதனைதான்.

இனி நம் கடலைக்கு வருவோம்.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று சாகத் தொடங்கின. சில மாதங்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் மாண்டன. எந்தக் கிருமியும் அகப்படவில்லை. என்ன நோய் என்று தெரியாததால் கணக்குப் பாடத்தில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் எழுத்தையே வைத்து, “வான்கோழி எக்ஸ் நோய்” என்று பெயரிட்டார்கள். வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று தேடியபோது தீவனம் அகப்பட்டது. பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்த கடலைப் பிண்ணாக்கு! அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் வளர்ந்திருந்தது. பூசணத்தின் பெயரையே சுருக்கி, அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நஞ்சைப் புற ஊதா விளக்கின்கீழ் வைத்தால் ஒளிவிடும். நீலமாக ஒளிவிடுவதற்கு பி என்றும், பச்சையாக ஒளிவிடுவதற்கு ஜி என்றும், அந்நிறங்களின் ஆங்கில முதலெழுத்தையே பெயராக வைத்தார்கள். இவற்றுள் மிகக் கொடியது பி1. இவ்வளவு அழகாக ஒளிவீசும் பொருள் ஈரலை அரிக்கிறது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

குஞ்சுகள் செத்தது உடனடி நஞ்சால். ஆனால் அதே பிண்ணாக்கை எலிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கு ஈரல் புற்று வந்தது. இச்செய்தி 1961-இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் ஜெரால்ட் வோகன் என்ற அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை சிஸ்டர் எனக்கு விளக்கினார். எலித் தீவனத்தில் நூறு கோடியில் 100 பங்கு பி1 கலந்தபோது 28 எலிகளில் 28-க்கும் ஈரல் புற்று வந்தது. நூறு கோடியில் ஒரே ஒரு பங்கு கலந்தபோதும் 22 எலிகளில் 2-க்கு வந்தது. நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? ஒரு டன் தீவனத்தில் ஒரு மில்லிகிராம்! கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. பெரிய எலிக்கு இவ்வளவு கேடு செய்யும் இந்நஞ்சு சுண்டெலியை எளிதில் அசைப்பதில்லை. காரணத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அஃப்லாடாக்சின் தானாகப் புற்றை உண்டாக்குவதில்லை. நம் ஈரல்தான் அதை வெளியேற்றுவதற்காக மாற்றுகிறது. மாற்றும் வழியில் அது வீரியமிக்க வேறொரு பொருளாகி, உயிரணுவின் உள்ளேயிருக்கும் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிக்கொள்ளுமுன் அதைக் கட்டிப்போட ஈரலில் சில நொதிகள் உண்டு. சுண்டெலிக்கு அந்த நொதி வேகமாக வேலை செய்கிறது. பெரிய எலிக்கு அவ்வளவு வேகமில்லை. அப்படியென்றால் மனிதன் எந்தப் பக்கம்? விலங்குச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. மனிதர்களைத்தான் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே நஞ்சைக் கொடுத்துப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வறுமை கொடுத்துவிட்டது.

1974-ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தானத்தின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் சிற்றூர் மக்களுக்கு மஞ்சள் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பருவம் தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளக் கதிர்கள் நனைந்து பூசணம் பிடித்திருந்தன. அம்மக்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். மக்காச்சோளத்தை விட்டால் அவர்களுக்கு வேறு உணவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் சென்று ஆராய்ந்தார்கள். நோயுற்றவர் 397 பேர். இறந்தவர் 106 பேர். அதே சோளத்தை உண்ட வீட்டு நாய்களுக்கும் அதே நோய் வந்தது. ஒருவர் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை நஞ்சை ஒரு மாதகாலம் உட்கொண்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இதே துன்பம் 2004-இல் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டிலும் நிகழ்ந்தது. அங்கும் மக்காச்சோளம்தான், 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள்.

பூசணம் பிடித்தது என்று அவர்களுக்குத் தெரியாதா என்று நான் கேட்டேன். “தெரியும்” என்றார் சிஸ்டர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இது உடனே கொல்லும் அளவு. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடம்பில் சேர்ந்தால்? சீனாவில் சாங்காய் நகரில் 18,244 ஆண்களிடம் 1986 முதல் 1989 வரை சிறுநீரும் இரத்தமும் சேகரித்து உறையவைத்துவிட்டு, பிறகு யார் யாருக்கு ஈரல் புற்று வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். சிறுநீரில் அஃப்லாடாக்சின் தடயம் இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட மூன்று மடங்குக்குமேல் ஈரல் புற்று வந்தது. பி வகை ஈரல் அழற்சிக் கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கோ ஏறத்தாழ அறுபது மடங்கு! மூன்றையும் ஏழையும் கூட்டினால் பத்து, பெருக்கினால்கூட இருபத்தொன்றுதான். அறுபது எங்கிருந்து வந்தது? கிருமி ஈரலைப் புண்ணாக்கி வைத்திருக்க, நஞ்சு வந்து அதில் வேலை செய்கிறது. ஆகவே பி வகை ஈரல் அழற்சிக்கு நம் நாட்டில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி, கடலை நஞ்சிலிருந்தும் ஓரளவு காக்கிறது என்று சொல்லலாம். நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2011 முதல் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறது. அது 1987-இல் அஃப்லாடாக்சினை முதல் தொகுதியில் வைத்தது. முதல் தொகுதி என்றால் “மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு” என்று பொருள். அதே தொகுதியில் புகையிலை இருக்கிறது. 2015-இல் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியும் சேர்ந்தது. ஆனால் மூன்றும் சமமான கேடு என்று எண்ணிவிடக் கூடாது. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் தொகுதி சொல்கிறது. கேடு எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதில்லை. செய்தித்தாளில் தலைப்புப் போடுபவர்கள் பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். வெறும் கொட்டைப்பாக்கும் முதல் தொகுதியில்தான் இருக்கிறது. எங்கள் ஆயாவிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நாங்கள் கரும்பலகையில் எழுதச் சொன்ன பட்டியல் பொய்யா என்று கேட்பீர்கள். முழுப் பொய்யில்லை. ஆனால் அளவு தவறு. இங்கிலாந்தின் ரிச்சர்டு டால், ரிச்சர்டு பீட்டோ என்ற இருவர் 1981-இல் அமெரிக்க நாட்டின் புற்றுநோய் மரணங்களைக் காரணவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். புகையிலைக்கு நூற்றுக்கு 30. உணவுமுறைக்கு ஏறத்தாழ 35. ஆனால் இந்த 35 என்பது 10 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். (எனக்கு அது பிடித்திருந்தது. பரீட்சையில் நாம் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?) சாயம், சுவையூட்டி போன்ற உணவுச் சேர்ப்புப் பொருள்களுக்கு ஒன்றுக்கும் குறைவு. மிட்டாய்ச் சாயத்தைப் பற்றி நாங்கள் அஞ்சியது அந்த ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. சாக்கரின் என்ற இனிப்புப் பொருளை ஆண் எலிகளுக்கு ஏராளமாகக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் புற்று வந்தது என்று 1977-இல் அமெரிக்காவில் பெரும் கிளர்ச்சி. பிறகு ஆராய்ந்தால் அது எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் நேர்ந்தது. 2000-இல் எச்சரிக்கைச் சீட்டை நீக்கிவிட்டார்கள். செயற்கை என்பதால் கெட்டதும் இல்லை. இயற்கை என்பதால் நல்லதும் இல்லை. பூசணத்தைவிட இயற்கையானது வேறென்ன இருக்கிறது?

இப்போது நான் போட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். நம் நாட்டு விதிப்படி, மேற்கொண்டு பதப்படுத்துவதற்கான நிலக்கடலையில் அஃப்லாடாக்சின் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐரோப்பிய நாடுகளில் அப்படியே உண்ணும் கடலைக்கு 4 தான். மிக மோசமாகக் கெட்ட தனிப் பருப்பு ஒன்றில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் வரைகூட நஞ்சை அளந்திருக்கிறார்கள். அரைக் கிராம் எடையுள்ள அத்தகைய பருப்பு ஒன்றில் 500 மைக்ரோகிராம் இருக்கும். அதை 15-ஆல் வகுத்தால் 33. அதாவது ஒரே ஒரு கெட்ட பருப்பு, நஞ்சே இல்லாத 33 கிலோ நல்ல பருப்போடு கலந்தாலும், முழுவதையும் விதியின் எல்லைக்குக் கொண்டுவந்து விட்டுவிடும்!

இதிலிருந்து தெரிவது என்ன? நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரம் பருப்பில் சிலவற்றில் குவிந்திருக்கிறது. அந்தச் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டால் பெரும்பகுதி நஞ்சு போய்விடும். எங்கள் ஆயா திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு செய்வது இதைத்தான். நிறம் மாறியது, சுருங்கியது, ஓட்டை விழுந்தது, முளைவிட்டது எல்லாவற்றையும் அவர் விரல் தானாகத் தள்ளும். வெளியே பூசணம் தெரியாத பருப்பிலும் சில வேளை நஞ்சு இருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் கையால் பொறுக்குவது இன்றும் உலகமெங்கும் கடலை ஆலைகளில் கைக்கொள்ளும் முறை. வறுத்தால் நஞ்சு சிறிது குறையும், அழியாது. வேகவைத்தாலும் அப்படியே. செக்கில் ஆட்டினால் எண்ணெயில் கொஞ்சம் வரும். பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் பிண்ணாக்கைத் தின்னும் கறவை மாடு, தான் உட்கொண்ட பி1 நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை, அதிகம் கறக்கும் மாடாயின் ஆறு பங்கு வரைகூட, எம்1 என்ற வேறு வடிவில் பாலில் விடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது.

பூசணம் வராமலே தடுப்பதுதான் நல்ல வழி. அறுவடைக்கு முன் கடைசி வாரங்களில் செடி காய்ந்தால் மண்ணுக்குள்ளேயே பூசணம் ஏறிவிடும். பிடுங்கியபின் மழையில் நனைந்தாலும் ஏறும். காயைத் தரையில் குவிக்காமல் பரப்பி, குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஓசையிடும்வரை காயவைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் உடைக்கும்போது பருப்பு பிளக்காமலிருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். காயவைத்ததை மீண்டும் நனைப்பது! இதைவிடப் பூசணத்துக்கு விருந்து வேறில்லை.

எனக்கு உறக்கம் வராமற்செய்தது அந்த 33 கிலோக் கணக்கு. ஆயா பொறுக்கித் தள்ளுவதைக் கழிசல் என்போம். அது என்ன ஆகிறது? பாதி மாட்டுக்கு. மீதி, காய் உடைக்க வரும் அக்காவுக்கு. கூலியோடு கழிசலும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் அதை வறுத்துத் துவையல் அரைப்பார். பிள்ளைகள் அப்படியே தின்பார்கள். முப்பது மூட்டையில் பரவிக் கிடந்த நஞ்சையெல்லாம் ஒரு பையில் சேர்த்து, ஒரே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். சென்ற ஆண்டு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவள் நான். “பாப்பா எவ்வளவு நல்ல மனசு” என்று அக்கா என் கன்னத்தைத் தொட்டார்.

இந்த ஆண்டு பொறுக்கும்போது ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயா முறத்தை நிறுத்தவில்லை.

“காறுற மல்லாட்டைய முழுங்கக் கூடாதுன்னு எங்க ஆயாவே சொல்லும். துப்பிடுவோம்” என்றார்.

“அப்புறம் ஏன் ஆயா அக்காவுக்குக் குடுத்தோம்?”

ஆயா பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, “அத பொதைச்சுட்டா அந்த மண்ணுல மறுபடி மல்லாட்டை போடலாமாடி?” என்று கேட்டார். நல்ல கேள்வி என்று சிஸ்டர் சொன்னார். பூசணத்தின் விதைத்தூள் மண்ணிலேயே வாழும்; ஆகவே கடலைக் கொல்லையில் புதைக்கக் கூடாது.

கணக்கு முடிக்கும் நாளில் அக்கா கூலியை வாங்கிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். “இந்த வருசம் கழிசல் இல்லீங்களா?” என்றார். ஏழு படி இருந்தது. ஆயா உள்ளே போய், விற்பதற்கு வைத்திருந்த நல்ல பருப்பில் இரண்டு படி அளந்து வந்து அவர் முந்தானையில் போட்டார். அக்கா அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஏழு படி வாங்கிய இடத்தில் இரண்டு படிதான். ஏன் என்று நான் சொல்ல முயன்றேன். வான்கோழி, எலி, நூறு கோடியில் ஒரு பங்கு என்று எங்கெங்கோ போய்விட்டேன். “சரி பாப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழிசல் மூட்டை மாட்டுக்கொட்டகையில், மாட்டுக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. செங்கல் சூளை போடும்போது எரித்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.